எஸ்டஸ் கீஃபாவர்: மாத்திரையின் விலையைக் கேட்ட செனட்டர்

மருந்து ஆபத்தில்லாதது என்று காட்டினால் மட்டும் போதாது, அது நோய்க்கு வேலை செய்கிறது என்பதையும் நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1962-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குக் காரணமான செனட்டர் யார், அவருடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. அவர் பெயர் எஸ்டஸ் கீஃபாவர். டென்னசி மாநிலத்துக்காரர், ஜனநாயகக் கட்சி. அதிபர் வேட்பாளராக வர இரண்டு முறை முயன்று முடியாமல் போனவர். 1956-இல் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவர்.

இவரைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தில் ஆரம்பிப்பார்கள். அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன, நாடு அதிர்ந்தது, ஒரு நல்ல செனட்டர் சட்டம் கொண்டுவந்தார் என்று கதை போகும். நடந்தது அப்படி இல்லை. தாலிடோமைடு செய்தி வருவதற்கு இரண்டரை வருடம் முன்பே கீஃபாவர் மருந்துக் கம்பெனிகளை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் கேட்ட கேள்வி விலை பற்றியது. ஒன்றரை சென்ட்டுக்குத் தயாராகும் மாத்திரையை நோயாளி ஏன் முப்பது சென்ட் கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவருக்குச் சட்டம் கிடைக்கவில்லை. வேறு ஒன்றுக்குக் கிடைத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த மனிதரின் சாதனையும் புரியும், தோல்வியும் புரியும்.

பிறந்தது 1903-இல், கிழக்கு டென்னசியில் மேடிசன்வில் என்ற சின்ன ஊரில். டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்தார், கால்பந்து ஆடினார். ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அது 1927. பிறகு சாட்டனூகா நகரில் வக்கீல் தொழில். ஆறடிக்கு மேல் உயரம். மெதுவான பேச்சு, யாரைப் பார்த்தாலும் கை குலுக்கும் பழக்கம். 1939-இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்.

அவர் வளர்ந்த இடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய சண்டை மின்சாரம் பற்றியது. அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை உருவாக்கினார். அரசே அணை கட்டி, மின்சாரம் எடுத்து, மலிவாகக் கொடுத்தது. தனியார் மின் கம்பெனிகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. கீஃபாவர் ஆணையத்தின் பக்கம் உறுதியாக நின்றார். ஒரு பொருளை விற்பவர் ஒருவரே என்றால் விலையும் அவர் வைத்ததுதான், போட்டிக்கு இன்னொருவர் வந்தால்தான் விலை இறங்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த கொள்கையாக இல்லாமல், சொந்த ஊரில் மின்கட்டண ரசீதில் பார்த்த விஷயமாக இருந்தது. பிற்காலத்தில் இரும்பு, மருந்து, செயற்கைக்கோள் என்று அவர் கைவைத்த எல்லாவற்றிலும் இந்த ஒரே எண்ணம்தான் ஓடுகிறது.

1950-இல் வந்த செல்லர்–கீஃபாவர் சட்டமும் அதே வழியில் வந்தது. ஒரு கம்பெனி தன் போட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டியை ஒழிப்பதை 1914-ஆம் வருடத்து கிளேட்டன் சட்டம் தடுத்திருந்தது. ஆனால் பங்கை விட்டுவிட்டு தொழிற்சாலை, இயந்திரம் என்று சொத்துகளை வாங்கினால் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் கம்பெனிகள் அந்தச் சந்து வழியாகவே போய்வந்தன. அந்தச் சந்தை அடைத்தது இந்தச் சட்டம்தான். அமெரிக்காவில் கம்பெனிகள் இணைவதை எதிர்த்து இன்றும் தொடரப்படும் வழக்குகளுக்கு இதுவே அடிப்படை.

செனட்டுக்கு அவர் போன கதை சுவையானது. 1948-இல் டென்னசி அரசியல் மெம்ஃபிஸ் நகரத்தின் எட்வர்ட் கிரம்ப் என்பவரின் பிடியில் இருந்தது. அவர் சொன்னவர்தான் வேட்பாளர், அவர் கை காட்டியவர்தான் ஜெயிப்பார் என்ற நிலை. கீஃபாவர் அவரைக் கேட்காமல் நின்றார். கிரம்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து அவரை வளர்ப்பு ரக்கூனோடு ஒப்பிட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மேஜை டிராயருக்குள் விட்டுத் துழாவுகிற திருட்டுப் பிராணி என்று. கம்யூனிஸ்டுகளுக்கு மறைமுகமாக வேலை பார்ப்பவர் என்பது உட்பொருள். கீஃபாவர் கோபப்படவில்லை. ரக்கூன் தோலில் செய்த தொப்பியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். அது டென்னசியின் பழைய எல்லைப்புற வேட்டைக்காரர்களின் தொப்பி, ஊர் மக்களுக்குப் பெருமையான அடையாளம். நான் ரக்கூனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் மிஸ்டர் கிரம்ப் வளர்க்கிற ரக்கூன் நான் இல்லை என்றார். ஜெயித்தார். கிரம்ப்பின் மாநில ஆதிக்கம் அந்தத் தேர்தலோடு உடைந்தது.

அடுத்த சில வருடங்களில்தான் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது. குற்றக் கும்பல்களை விசாரிக்க 1950–51-இல் ஒரு செனட் குழுவுக்குத் தலைமை தாங்கி 14 நகரங்களுக்குப் போனார். நியூயார்க் விசாரணையைத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. சூதாட்டத் தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோ தன் முகத்தைக் காட்டக் கூடாது என்று மறுத்ததால், கேமரா அவருடைய கைகளை மட்டும் காட்டியது. விரல்கள் பதற்றத்தில் பிசைவதை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் புகழோடு 1952-இல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நடந்த முதல்நிலைத் தேர்தலில் பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனையே தோற்கடித்தார். ட்ரூமன் அதன்பின் போட்டியிலிருந்து விலகினார். அப்படியும் கட்சித் தலைவர்கள் அட்லாய் ஸ்டீவன்சனைத்தான் வேட்பாளராக்கினார்கள். அந்த விசாரணையில் பெரிய நகரங்களின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலரும் சிக்கியிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால் காரணம் புரியும். 1956-இல் ஜான் கென்னடியை முந்திக்கொண்டு துணை அதிபர் வேட்பாளரானார். ஐசன்ஹோவர் மறுபடி வென்றார்.

அதே 1956-இல் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து, தெற்கு மாநிலங்களின் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். தெற்கத்திய செனட்டர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கீஃபாவர் மறுத்தார். டென்னசியின் இன்னொரு செனட்டரான ஆல்பர்ட் கோர் சீனியரும் மறுத்தார். தெற்கில் ஓட்டுக் கேட்கும் ஒருவர் அன்று அப்படி மறுப்பது விளையாட்டில்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 1957-இல் செனட் நீதிக் குழுவின் கீழ் இருந்த ஏகபோக எதிர்ப்புத் துணைக்குழுவுக்கு அவர் தலைவரானார். ஜான் பிளேர், ஐரீன் டில் போன்ற பொருளாதார வல்லுநர்கள் அவருக்கு உதவியாக இருந்தார்கள். முதலில் இரும்பை எடுத்தார்கள். யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் விலையை ஏற்றினால் மற்ற கம்பெனிகளும் ஒரு சென்ட் பிசகாமல் அதே அளவு ஏற்றின. தேவை குறைந்த காலத்திலும் விலை ஏறியது. இதில் போட்டி எங்கே என்று கீஃபாவர் கேட்டார். அடுத்தவன் விலைக்குச் சமமாக விலை வைப்பதுதான் போட்டி என்றார் கம்பெனித் தலைவர் ரோஜர் பிளௌ. பிறகு கார், ரொட்டி. டென்னசி ஆணையத்துக்கு வந்த மின்சாதன டெண்டர்களில் வெவ்வேறு கம்பெனிகள் ஒரே விலையைக் குறித்திருந்த விவகாரமும் அந்தச் சமயத்தில்தான் வெடித்தது. ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் முதலிய பெரிய கம்பெனிகள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை முடிவுசெய்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, 1961-இல் ஏழு அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

மருந்து விசாரணை 1959 டிசம்பர் 7 அன்று தொடங்கியது. முதலில் வந்தது ஷெரிங் கம்பெனி. பொருள், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரை. ஷெரிங் இதன் மூலப்பொருளை இன்னொரு கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கி மாத்திரையாக அடித்து, பாட்டிலில் போட்டு, தன் பெயரை ஒட்டி விற்றது. குழு போட்ட கணக்குப்படி ஒரு மாத்திரைக்கு ஆன செலவு சுமார் 1.6 சென்ட். மருந்துக் கடைக்கு ஷெரிங் கொடுத்த விலை 17.9 சென்ட். நோயாளி கொடுத்தது 29.8 சென்ட். கம்பெனி வைத்த விலை செலவைப் போல பதினோரு மடங்கு, 1,118 சதவீதம் என்று குழு கணக்குச் சொன்னது. இன்னொரு ஹார்மோன் மருந்தில் இந்தக் கணக்கு 7,079 சதவீதத்துக்குப் போனது. அதன் மூலப்பொருளை ஷெரிங் பிரான்சிலிருந்து வாங்கியது. மறுநாள் பத்திரிகைகளின் தலைப்பே இந்த எண்கள்தான்.

கம்பெனி சொன்ன பதிலையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூலப்பொருளின் விலையை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு, ஆராய்ச்சிச் செலவு இருக்கிறது, பத்து முயற்சியில் ஒன்றுதான் தேறும், மருத்துவர்களுக்கு மருந்தை அறிமுகப்படுத்தும் செலவு இருக்கிறது என்றார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் குழு 22 பெரிய மருந்துக் கம்பெனிகளின் கணக்கை வாங்கிப் பார்த்தபோது, விற்பனை வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு விளம்பரத்துக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் போயிருந்தது. ஆராய்ச்சிக்குப் போனது ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். அதோடு, ஆராய்ச்சியில் வேறு வேறு அளவு செலவு செய்த நான்கு பெரிய கம்பெனிகளும் ஒரே வகை மாத்திரையை ஒரே 17.9 சென்ட்டுக்கு விற்றது எப்படி என்பதற்கு ஆராய்ச்சிச் செலவு பதில் ஆகாது. பெயர் தெரியாத சின்னக் கம்பெனிகள் அதே மருந்தை இதில் ஒரு சிறு பகுதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

விலையைக் குறைத்தால் அதிகம் விற்குமே என்று கேட்டதற்கு ஷெரிங் தலைவர் சொன்ன பதிலை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். நோயாளி ஒருவர் இருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலையைக் குறைத்து இரண்டு பேரைப் படுக்க வைக்க முடியாது என்பது அதன் சாரம். அவர் தன் தரப்பைக் காக்கச் சொன்ன வார்த்தை அது, ஆனால் கீஃபாவர் சொல்லவந்ததை அப்படியே ஒப்புக்கொள்கிறது. மருந்து விலை ஏறினாலும் நோயாளி வாங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினாலும் கூடுதலாக வாங்கப்போவதில்லை. கீஃபாவர் இதை ஒரே வரியில் சொன்னார்: சீட்டு எழுதுபவர் வாங்குவதில்லை, வாங்குபவர் எழுதுவதில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காய் விலை கூடினால் வெண்டைக்காய்க்குப் போய்விடலாம். மருந்துச் சீட்டில் ஒரு பிராண்டுப் பெயர் இருந்தால் கடைக்காரர் அதைத்தான் கொடுப்பார், நோயாளி அதைத்தான் வாங்குவார்.

இந்த இடத்திலிருந்துதான் விசாரணை விலையிலிருந்து மருந்தின் பலனுக்குத் திரும்பியது. விலை ஏன் இப்படி இருக்கிறது என்று தோண்டினால் விளம்பரம் வந்தது. எதை விளம்பரம் செய்கிறார்கள் என்று பார்த்தால், பழைய மருந்தில் ஒரு அணுவை மாற்றியதும், இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்ததும் புதிய கண்டுபிடிப்பு என்ற பெயரில் வந்துகொண்டிருந்தன. இவை வேலை செய்கின்றனவா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஸ்குவிப் கம்பெனியின் மருத்துவ இயக்குநராக இருந்து விலகிய டாக்டர் டேல் கான்சோல் சாட்சிக்கு வந்து, சில மருந்துகள் திட்ட நிலையிலேயே நோயாளிக்குப் பயன்படாது என்று தெரியும், விற்கும் என்பதும் தெரியும் என்கிற அர்த்தத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். உள்ளே இருந்தவரே வந்து சொன்னபோது அதன் கனம் வேறு.

அரசுப் பக்கமும் சுத்தமாக இல்லை. உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில், எஃப்டிஏ என்று எல்லோரும் சொல்கிற அமைப்பில், நுண்ணுயிர்க்கொல்லிப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஹென்றி வெல்ச். அவர் வெளியே மருத்துவ இதழ்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். மருந்துக் கம்பெனிகள் அந்த இதழ்களில் விளம்பரம் கொடுத்தன, மறுபதிப்புகளை மொத்தமாக வாங்கின. அந்த வழியில் அவருக்குச் சில வருடங்களில் வந்தது 2,87,000 டாலருக்கு மேல் என்று குழு வெளிப்படுத்தியது. 1960 மே மாதம் அவர் பதவி விலகினார்.

அந்த வருடமே கீஃபாவர் மறுதேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. இனப் பிரச்சினையில் அவர் எடுத்த நிலையையும் வைத்து எதிரிகள் கடுமையாக அடித்தார்கள். கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்துவிட்டார். பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் மருந்து பாட்டில் இருக்கும், அதனால் எல்லோருக்கும் அவர் பேசுவது புரிந்தது என்பது என் கணிப்பு.

1961 ஏப்ரலில் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் உயிர்நாடியான பகுதி காப்புரிமை பற்றியது. மருந்துக்கு மற்ற கண்டுபிடிப்புகளைப் போல 17 வருடத் தனியுரிமை தர வேண்டாம், மூன்று வருடம் போதும். அதன்பின் தகுதியுள்ள எந்தக் கம்பெனி கேட்டாலும் தயாரிக்க உரிமம் கொடுத்தாக வேண்டும், பதிலுக்கு விற்பனையில் எட்டு சதவீதம் வரை ராயல்டி வாங்கிக்கொள்ளலாம். கண்டுபிடித்தவருக்கும் வருமானம் வரும், நோயாளிக்கும் விலை இறங்கும். இதோடு மருந்தின் பலனை நிரூபிக்க வேண்டும், எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாத பொதுப் பெயர் லேபிளிலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும் என்ற பிரிவுகளும் இருந்தன.

செனட் நீதிக் குழு அதைத் துண்டு துண்டாக வெட்டியது. 1962 ஜூனில் குழுத் தலைவர் ஈஸ்ட்லண்டின் ஆட்களும், கம்பெனிகள் பக்கம் பேசிய டர்க்சன், ருஸ்கா ஆகிய செனட்டர்களின் ஆட்களும், கென்னடி அரசின் அதிகாரிகளும் சேர்ந்து ரகசியமாக ஒரு கூட்டம் போட்டு மசோதாவைத் திருத்தி எழுதினார்கள். மசோதாவைக் கொண்டுவந்த கீஃபாவருக்கே தகவல் இல்லை. காப்புரிமைப் பகுதி போனது, மற்றவையும் பல் பிடுங்கப்பட்டன. எப்போதும் குரல் உயர்த்தாத மனிதர் அன்று செனட்டில் எழுந்து வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். மசோதா செத்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

தாலிடோமைடு வந்தது இந்தக் கட்டத்தில். ஜெர்மனியின் கிரூனென்தால் கம்பெனி 1957-இலிருந்து விற்ற தூக்க மருந்து அது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் விற்க ரிச்சர்ட்சன்–மெரல் கம்பெனி 1960 செப்டம்பரில் விண்ணப்பித்தது. விண்ணப்பம் போன இடம், எஃப்டிஏவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த டாக்டர் ஃபிரான்சஸ் கெல்சியின் மேஜை. அன்றைய விதிப்படி 60 நாளுக்குள் அரசு மறுக்காவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போய்விடும். அவர் ஒவ்வொரு 60 நாளுக்கும் விவரம் போதாது என்று திருப்பி அனுப்பினார். நரம்புகள் பாதிக்கப்படுகின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கடிதத்தைப் படித்ததும் இன்னும் கெட்டியாக நின்றார். கம்பெனி ஆட்கள் தொலைபேசியிலும் நேரிலும் நெருக்கினார்கள், மேலதிகாரிகளிடமும் போனார்கள். அவர் அசையவில்லை. அதற்குள் 1961 நவம்பரில் ஜெர்மனியிலேயே மருந்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஆனாலும் அமெரிக்கா முழுமையாகத் தப்பவில்லை. சோதனை என்ற பெயரில் கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான மாத்திரைகளை ஏற்கெனவே கொடுத்திருந்தது. எந்த மருந்து என்றே தெரியாமல் பல பெண்கள் சாப்பிட்டார்கள். கீஃபாவரின் ஊழியர்கள் கெல்சியின் கதையை வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் மார்டன் மின்ட்ஸிடம் சேர்த்தார்கள். 1962 ஜூலை 15 அன்று அது முதல் பக்கத்தில் வந்தது. ஒரே மாதத்தில் காற்று மாறியது. ஆகஸ்ட் 23 அன்று செனட் மசோதாவை 78-க்கு 0 என்று நிறைவேற்றியது. அக்டோபர் 10 அன்று கென்னடி கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் இதைக் கொண்டுசென்ற ஓரன் ஹாரிஸின் பெயரும் சேர்ந்து கீஃபாவர்–ஹாரிஸ் திருத்தங்கள் என்று ஆனது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தாலிடோமைடு பாதுகாப்புப் பிரச்சினை. அதைத் தடுக்கும் அதிகாரம் 1938-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருந்தது, கெல்சி அதை வைத்துத்தான் தடுத்தார். 1937-இல் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த ஒரு திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தபிறகு வந்த சட்டம் அது. ஆகவே மருந்தின் பலனை நிரூபி என்ற பிரிவுக்கும் தாலிடோமைடுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மக்களின் கோபம் எழுந்த நேரத்தில், மூன்று வருட சாட்சியங்களோடு ஒரு மசோதா தயாராக மேஜையில் இருந்தது. அதனால்தான் அது சட்டமானது. கீஃபாவரின் பொறுமையான உழைப்பு இல்லாவிட்டால் அந்தக் கோபம் நாலு தலையங்கத்தோடு அடங்கிப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சட்டம் என்ன செய்தது? முறையான, கட்டுப்பாடான பரிசோதனைகள் மூலம் மருந்து வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். 60 நாளில் தானாகச் சந்தைக்குப் போகும் வழி அடைபட்டது, அரசு ஒப்புதல் கொடுத்தால்தான் விற்பனை. பரிசோதனைக்கு உட்படுபவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், இது செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் சேர்த்த திருத்தம். பக்க விளைவுகள் தெரிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர்களுக்கான விளம்பரத்தில் பக்க விளைவுகளையும் போட வேண்டும். லேபிளில் பொதுப் பெயரின் எழுத்து, பிராண்டுப் பெயரின் எழுத்தில் பாதி அளவாவது இருக்க வேண்டும். பாதி அளவு என்று எழுத்தின் உயரத்தைக்கூடச் சட்டத்தில் எழுதியது பலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவர் பொதுப் பெயரைக் கண்ணால் பார்த்தால்தான் அதை எழுதுவார், எழுதினால்தான் நோயாளிக்கு மலிவான மருந்து கிடைக்கும். விலைக்கான சண்டையில் கீஃபாவருக்கு மிஞ்சியது இந்தப் பாதி அளவு எழுத்துதான்.

தொழிற்சாலையில் நல்ல தயாரிப்பு முறையைக் கடைப்பிடிக்காத மருந்து கலப்பட மருந்தாகவே கருதப்படும் என்ற பிரிவும் அதே சட்டத்தில் வந்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே டைஎத்திலீன் கிளைகால் இருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததைப் பார்த்த நமக்கு, இந்தப் பிரிவு காகிதத்தில் இருந்தால் போதாது, ஆய்வாளர் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1938-க்கும் 1962-க்கும் இடையே சந்தைக்கு வந்த மருந்துகளையும் பின்னோக்கிப் பரிசோதித்தார்கள். தேசிய அறிவியல் கழகம் 1966-இல் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைப் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேல் சந்தையிலிருந்து போயின. மக்கள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை அவை.

இந்தச் சட்டத்துக்கு விமர்சனமும் உண்டு. சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளியலாளர் 1973-இல், 1962-க்குப் பிறகு புதிய மருந்துகள் வருவது வெகுவாகக் குறைந்தது, நல்ல மருந்துகள் தாமதமானதால் நோயாளிகள் இழந்ததே அதிகம் என்று எழுதினார். தாமதம் நடந்தது உண்மை. ஐரோப்பாவில் கிடைத்த சில மருந்துகள் அமெரிக்காவுக்குப் பின்னால்தான் வந்தன. ஆனால் குறைந்தவற்றில் எத்தனை உண்மையில் புதியவை, எத்தனை பழைய மருந்தின் மறுவேடம் என்று பிரித்துப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. இன்று எந்த மருத்துவரும் ஒரு மாத்திரையைப் பார்த்து இது எந்தச் சோதனையில் தேறியது என்று கேட்க முடிகிறது. 1961-இல் அந்தக் கேள்விக்குப் பல மருந்துகளுக்குப் பதிலே கிடையாது.

மருந்து மசோதா நிறைவேறிய அதே ஆகஸ்டில் கீஃபாவர் இன்னொரு சண்டையில் தோற்றார். மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தை, ஏடி அண்ட் டி போன்ற தொலைபேசிக் கம்பெனிகள் பெரிய பங்கு வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுப்பதை எதிர்த்து, சில செனட்டர்களோடு சேர்ந்து பேசிப் பேசியே மசோதாவை நிறுத்தப் பார்த்தார். செனட் வாக்கெடுத்து அவர்கள் வாயை அடைத்தது. பேச்சை வெட்டும் அந்த விதியைச் செனட் வெற்றிகரமாகப் பயன்படுத்தியது 1927-க்குப் பிறகு அப்போதுதான். அடுத்த வருடம் ஆகஸ்ட் 8 அன்று, அந்தச் செயற்கைக்கோள் நிறுவனம் அரசு செய்த ஆராய்ச்சிக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற திருத்தத்தைச் செனட்டில் பேசிக்கொண்டிருந்தபோதே உடல்நிலை மோசமானது. ஆகஸ்ட் 10, 1963 அன்று பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் இறந்தார். மகாதமனி கிழிந்திருந்தது. வயது அறுபது.

விலைப் பிரச்சினை அவரோடு முடியவில்லை. 1984-இல் ஹேட்ச்–வாக்ஸ்மன் சட்டம் காப்புரிமை முடிந்த மருந்துகளை மற்ற கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கும் ஜெனரிக் வடிவங்களுக்கு வழியை எளிதாக்கியது. காப்புரிமை நடப்பில் இருக்கும் மருந்தின் விலையில் கைவைக்க 2022 வரை ஆனது. முதியோருக்கான மெடிகேர் திட்டம் கம்பெனிகளோடு பேரம் பேசலாம் என்று அந்த வருடம் சட்டம் வந்தது. அப்படிப் பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கீஃபாவர் ஷெரிங்கை விசாரித்து அறுபத்தாறு வருடம் கழித்து.

கடைசியாக, நம் பக்கத் தொடர்பு. கீஃபாவர் குழு ஒரே மருந்தின் விலையைப் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. ஆரியோமைசின், அக்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு உலகிலேயே மிக உயர்ந்த விலை கொடுத்த நாடுகளில் இந்தியா ஒன்று என்று அதன் அறிக்கை சொன்னது. தனிநபர் வருமானம் குறைந்த நாட்டில் மருந்து விலை உச்சத்தில் இருக்கிறது என்று தனியாகக் குறிப்பிட்டது. அன்று இந்தியா ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் மருந்துக்கே காப்புரிமை கொடுத்துக்கொண்டிருந்தது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தார். பிறகு பல வருடம் நடந்த விவாதத்தில் கீஃபாவர் குழுவின் வரிகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டன. 1970-இல் வந்த இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005-இல் பொருளுக்கான காப்புரிமை திரும்பி வந்தாலும், காப்புரிமை கொடுத்து மூன்று வருடம் ஆனபின், அதை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் தயாரிக்க உதவும் கட்டாய உரிமம் கேட்கலாம் என்ற பிரிவு இருக்கிறது. 2012 மார்ச்சில் அந்தப் பிரிவின் கீழ், மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க நாட்கோ நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனத்துக்கு ஆறு சதவீத ராயல்டி என்று தீர்மானித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஏழு சதவீதமானது. கீஃபாவரின் மசோதாவில் இருந்து வெட்டப்பட்ட பகுதியும் மூன்று வருடம் என்றுதான் சொன்னது, ராயல்டிக்கு எட்டு சதவீதம் வரை போகலாம் என்றது.